முதல் ரோடு பைக்: கடையிலிருந்து கோவளம் வரை

ரோடு பைக் வாங்கலாம் என்று மனதில் வந்ததும் எல்லோரும் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" நானும் அதைத்தான் பத்துப் பேரிடம் கேட்டேன். "என் உடம்புக்கு எந்த அளவு?" என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. நல்ல தள்ளுபடியில் ஒரு வண்டி இருந்தது. என் அளவைவிட இரண்டு சைஸ் பெரியது. "சீட்டை இறக்கிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். சீட்டை இறக்கலாம்தான். ஆனால் ஃபிரேமின் நீளத்தை யார் குறைப்பது? ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்தபடி எட்டு மாதம் ஓட்டினேன். கழுத்தும் தோளும் உள்ளங்கையும் மாறி மாறி வலித்தன. கடைசியில் வாங்கிய விலையில் பாதிக்கு அதை விற்றேன். அடுத்து வாங்கியது அதைவிட விலை குறைந்த வண்டி, ஆனால் என் அளவு. முதல் நாளே 30 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓட்டினேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் பிராண்டுகளைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. வண்டியை உங்கள் உடம்புக்கு எப்படிப் பொருத்துவது, முதல் சில வாரங்களை எப்படிக் கடப்பது, இவைதான் இதில் இருக்கும். நான் ஓட்டுவது சென்னையில், பெரும்பாலும் கோவளம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

உங்களுக்கு ரோடு பைக்தான் வேண்டுமா?

நம்மில் பலர் பி.எஸ்.ஏ.விலோ ஹெர்குலஸிலோ குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். ரோடு பைக் அந்த வண்டியிலிருந்து ரொம்பவே விலகியது. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான டயர், முன்னால் குனிந்து உட்காரும் அமைப்பு, பத்து கிலோவை ஒட்டிய எடை. நல்ல தார் ரோட்டில் நீண்ட தூரம் வேகமாகப் போகத்தான் இதைச் செய்கிறார்கள். காய்கறி வாங்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும், மேடு பள்ளத்தில் ஓட்டவும் இது தோதுப்படாது. அதற்கெல்லாம் நேரான ஹேண்டில்பாரும் கொஞ்சம் அகல டயரும் உள்ள ஹைபிரிட் போதும். வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் எழுந்து 20, 30 கிலோமீட்டர் ஓட்ட ஆசை இருக்கிறதா? அப்படியானால் ரோடு பைக் வாங்குங்கள். அந்த ஆசை உண்மையா என்று தெரியவில்லை என்றால், நண்பரின் சைக்கிளையோ வாடகை சைக்கிளையோ எடுத்து ஒரு மாதம் காலையில் ஓட்டிப் பாருங்கள். எழுந்திருக்க முடிகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அளவு எடுப்பது

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. ஐந்து நிமிடம் போதும். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்தும் அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் ஒரு ஓரம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், சாயக் கூடாது. அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் வீட்டில் ஒருவரைப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள உயரம்தான் உங்கள் உள்கால் அளவு. மூன்று முறை எடுத்து சராசரி பாருங்கள், ஏனென்றால் முதல் முறை யாருமே புத்தகத்தைப் போதுமான அளவு மேலே இழுப்பதில்லை.

இந்த ஒரு எண்ணிலிருந்து இரண்டு கணக்கு. அதை 0.67 ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு தோராயமாகக் கிடைக்கும். உள்கால் 78 செ.மீ. என்றால் 52 சைஸ். 0.883 ஆல் பெருக்கினால் சீட் உயரம், அதாவது பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை. அதே 78க்கு இது கிட்டத்தட்ட 69 செ.மீ. இந்த இரண்டாவது கணக்கைப் பரவலாக்கியவர் 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட். இரண்டுமே தொடங்குவதற்கான எண்கள்தான். இதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் முன்பின் போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கம்பெனியும் சைஸை ஒவ்வொரு விதமாக அளக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவரின் 52 இன்னொருவரின் 54 ஆக இருக்கும். அதனால் அந்தந்த மாடலின் அளவு அட்டவணையைப் பார்த்துவிட்டு, கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தொங்கினால் சின்னதை எடுங்கள். சின்ன வண்டியில் சீட்டை உயர்த்தலாம், ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மை நீளமாக மாற்றலாம். பெரிய வண்டியைச் சின்னதாக்க வழி குறைவு.

கடையில்

முதல் வண்டிக்கு அலுமினியம் ஃபிரேம் போதும். முன் ஃபோர்க் மட்டும் கார்பன் என்றால் கைக்கு வரும் அதிர்வு குறையும். கியர் செட்டில் ஷிமானோ கம்பெனியின் வரிசை தெரிந்திருந்தால் விலையை ஒப்பிடுவது எளிது: பின்பக்கம் எட்டு பல்சக்கரம் கொண்ட கிளாரிஸ், ஒன்பது கொண்ட சோரா, பத்து கொண்ட டியாக்ரா, அதற்கு மேலே 105. தொடங்குபவருக்கு கிளாரிஸோ சோராவோ தாராளம். உதிரி பாகமும் விலை குறைவு. நீங்கள் மலை ஏற ஆசைப்படுபவர் என்றால் பின்பக்கத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பற்கள் என்று கேளுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை நிதானமாக ஏற, முன்னால் 34, பின்னால் 32 என்ற ஜோடி இருந்தால் முட்டி பிழைக்கும்.

டயர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் ரோட்டுக்கு 28 மி.மீ. அகலமாவது வேண்டும். 23, 25 பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒட்டுப்போட்ட தார், வேகத்தடை, பாலத்தின் இணைப்பு இடைவெளி எல்லாவற்றையும் உங்கள் மணிக்கட்டுதான் வாங்கும். ஃபிரேமில் 28 அல்லது 32 டயர் நுழையுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஒரிஜினல் பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். ஃபிரேமின் குழாய்கள் சேரும் இடங்களை, முக்கியமாக ஹேண்டில்பாருக்குக் கீழே, நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். முடி மாதிரி ஒரு கோடு தென்பட்டாலும் விட்டுவிடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணைப் புது வண்டியிலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருடு போனால் புகார் கொடுக்க அது வேண்டும்.

பட்ஜெட் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பிரஷர் மீட்டர் வைத்த ஸ்டாண்ட் பம்ப், கையடக்கப் பம்ப், இரண்டு ஸ்பேர் ட்யூப், டயர் லீவர், ஆலன் கீ செட், தண்ணீர் பாட்டில். இவ்வளவும் முதல் நாளே தேவை. ஷூவோடு மாட்டிக்கொள்ளும் கிளீட் பெடல் இப்போது வேண்டாம். பல ரோடு பைக்குகள் பெடலே இல்லாமல் வரும், அப்போது சாதாரணத் தட்டைப் பெடல் கேளுங்கள். வீட்டில் நீங்களே மாட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கமான திசையில் முறுக்கி, பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் மரையை அழித்தவர்கள் உண்டு.

பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஆடம்பரம் என்று தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் நாள் வந்ததும் வாங்கிவிடுங்கள். ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது, தையல் உராய்ந்து புண்ணாகிவிடும். யாரும் வெளிப்படையாகச் சொல்லாததால் பலர் அவதிப்படுகிறார்கள்.

காற்று

ஊர்ச் சைக்கிளுக்கு மாதம் ஒருமுறை காற்றடித்தால் ஓடும். ரோடு பைக்கில் அது நடக்காது. மெல்லிய ட்யூபிலிருந்து காற்று தானாகவே கசியும், வாரத்துக்குள் அழுத்தம் நன்றாக இறங்கிவிடும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் 80க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதனால்தான் மீட்டர் வைத்த பம்ப் என்கிறேன். டயரின் பக்கவாட்டில் அதிகபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. 65, 70 கிலோ எடையுள்ளவர் 28 டயருக்குப் பின்னால் 80 பி.எஸ்.ஐ., முன்னால் 75 என்று ஆரம்பிக்கலாம். எடை அதிகமானால் கொஞ்சம் கூட்ட வேண்டும். மழை நாளில் ஐந்து குறைத்தால் பிடிப்பு கூடும்.

வால்வைப் பாருங்கள். நாம் பழகிய வால்டியூப் வால்வும் இல்லை, மோட்டார் சைக்கிளின் தடிமனான வால்வும் இல்லை. பெரும்பாலும் பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வுதான் இருக்கும். நுனியில் குட்டித் திருகு ஒன்று உண்டு. அதை மேலே வரும்வரை தளர்த்தி, ஒருமுறை லேசாக அமுக்கி "புஸ்" என்று சத்தம் வந்த பிறகுதான் பம்பை மாட்ட வேண்டும். முடிந்ததும் திருகை மூட வேண்டும். முதல் தடவை உத்தண்டி பக்கம் காற்று இறங்கியபோது ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். அந்தப் பெரியவர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு நம்மகிட்ட நாசில் இல்லையேப்பா" என்று வருத்தத்தோடு சொன்னார். விரல்நுனி அளவில் பித்தளை அடாப்டர் ஒன்று இருக்கிறது. அதை வால்வில் திருகினால் எந்த பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். சில பத்து ரூபாய்தான். அன்றிலிருந்து என் சீட்டுப் பையில் இரண்டு இருக்கின்றன.

சீட்டைச் சரிசெய்வது

கணக்கில் வந்த உயரத்தில் சீட்டை வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஏறி உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டு, குதிகால் பெடலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பிறகு ஓட்டும்போது வைப்பதுபோல் முன்பாதத்தை வைத்தால் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கும். அதுதான் சரி. இந்த உயரத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி தரையில் முழுப் பாதம் ஊன்ற முடியாது. பலர் பயந்து சீட்டை இறக்குவது இதனால்தான். இறக்காதீர்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, நடுக்குழாய்க்கு இருபுறமும் கால் வைத்து நிற்கப் பழகுங்கள்.

வலி வந்தால் அதைக் கேளுங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால் உயரம். இடுப்பு இடமும் வலமும் ஆடினாலும் உயரம்தான். ஒரே நேரத்தில் 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியபின் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம். சரியான இடம் கிடைத்ததும் சீட் குழாயில் இன்சுலேஷன் டேப் ஒன்றைச் சுற்றி அடையாளம் வைத்துவிடுங்கள். சீட்டின் மேற்பரப்பு தரைக்கு இணையாக இருக்கட்டும். முன்னால் சாய்ந்திருந்தால் நீங்கள் வழுக்கி, உடம்பின் பாரம் முழுவதும் கையில் இறங்கும், விரல் மரத்துப்போகும். உட்காரும் எலும்புகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும், பெண்களுக்குப் பெரும்பாலும் கூடுதல். மாதம் ஒன்றாகியும் உட்கார முடியாமல் வலித்தால் சீட்டின் அகலத்தை மாற்றிப் பாருங்கள். தடிமனான ஸ்பாஞ்ச் கவர் போட்டால் கொஞ்ச தூரத்துக்கு இதமாக இருக்கும், நீண்ட தூரத்தில் அதுவே உரசும்.

முதல் வாரம் மைதானத்தில்

நேராக ரோட்டுக்குப் போகாதீர்கள். பள்ளி மைதானமோ ஆள் நடமாட்டமில்லாத லேஅவுட்டோ தேடுங்கள்.

முதலில் எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். நம் ஊர் வண்டிகளில் வலது கை முன் பிரேக். சில ரோடு பைக்குகளில் இது மாறியிருக்கும், முன் பிரேக் இடது கையில் வரும். பதற்றத்தில் கை பழக்கத்தின்படிதான் போகும், அதனால் மாறியிருந்தால் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான், ஏனென்றால் நிற்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. அதைச் சட்டென்று இறுக்கினால் பின்சக்கரம் தூக்கும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக, இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டு பிடிக்க வேண்டும். தரையில் தண்ணீரால் ஒரு கோடு போட்டு, 20 கி.மீ. வேகத்தில் வந்து கோட்டில் பிடித்து எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு 20 முறை செய்தால் நான்கே நாளில் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

பிரேக் லீவரின் மேலே ரப்பர் உறை போட்ட பகுதியை ஹூட் என்பார்கள். பெரும்பாலான நேரம் கை அங்கே இருக்கட்டும். முழங்கை லேசாக மடங்கியிருக்கணும். முழங்கையை இறுக்கி நீட்டினால் ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் தோளுக்கு ஏறும். கீழ்வளைவில் பிடிப்பதைக் காற்றுக்கும் இறக்கத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், முதல் வாரம் தேவையில்லை. அதற்குப் பதில் ஒரு கையை எடுத்துவிட்டு நேராக ஓட்டவும், தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது வண்டி இழுக்காமல் இருக்கவும் பழகுங்கள். பின்னால் பார்த்துவிட்டு நேராகப் போகத் தெரியாதவர் ரோட்டுக்கு இன்னும் தயாரில்லை.

கியர்

இடது லீவர் முன்னால் உள்ள பெரிய வட்டங்களுக்கு, வலது லீவர் பின்னால் உள்ளவற்றுக்கு. கிளாரிஸ், சோரா போன்றவற்றில் பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளினால் ஒரு மாற்றம், அதன் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன லீவரைத் தள்ளினால் எதிர் மாற்றம். குழம்பாமலிருக்க ஒரு வாய்ப்பாடு: பெரிய லீவர் பெரிய பல்சக்கரம், சின்ன லீவர் சின்னப் பல்சக்கரம். இரண்டு கைக்கும் இதுதான். ஆனால் விளைவு தலைகீழ். பின்னால் பெரிய பல்சக்கரம் என்றால் மிதிப்பது லேசாகும், முன்னால் பெரியது என்றால் கனமாகும்.

முதல் மாதம் முன்னால் சின்ன வட்டத்திலேயே வைத்துவிட்டு வலது கையை மட்டும் பயன்படுத்துங்கள். கியர் மாற்றும்போது பெடல் சுற்றிக்கொண்டே இருக்கணும், ஆனால் அழுத்தம் லேசாக. மேம்பாலத்தின் நடுவில் மூச்சு வாங்கும்போது மாற்றினால் செயின் கரகரவென்று கத்தும், சில நேரம் கழன்றுவிடும். மேம்பாலம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். சிக்னலில் நிற்கும் முன்பும் ஒன்றிரண்டு லேசாக்கிக்கொள்ளுங்கள். முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது என்றோ, இரண்டும் சின்னது என்றோ ஓட்டினால் செயின் குறுக்காக இழுபட்டுத் தேயும். அந்த இரண்டு ஜோடிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

கனமான கியரில் அழுத்தி மிதித்தால்தான் உடற்பயிற்சி என்று பலர் நம்புகிறார்கள். முட்டியைக் கெடுப்பதும் அதுதான். வலது முட்டி மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று. சமதரையில் 80க்கும் 90க்கும் நடுவில் இருக்கப் பாருங்கள். முதலில் கால் காற்றில் சுற்றுவது போலிருக்கும். மூன்று வாரத்தில் பழகிவிடும்.

ரோட்டில்

சென்னையில் மே, ஜூனில் ஐந்தே முக்காலை ஒட்டிச் சூரியன் எழும், ஜனவரியில் ஆறரையைத் தாண்டும். வெயிலுக்கு முன் திரும்ப வேண்டுமென்றால் இருட்டில்தான் கிளம்பணும். அதனால் விளக்கு இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. பின்சிவப்பு வெளிச்சம் வந்த பிறகும் எரியட்டும்.

ரோட்டின் விளிம்பை ஒட்டிப் போவது பாதுகாப்பு என்று தோன்றும். கடற்கரைச் சாலையில் விளிம்பில்தான் மணலும் கண்ணாடித் துண்டும் கிடக்கின்றன. விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே, நேர்கோட்டில் போங்கள். நின்றிருக்கும் காரைத் தாண்டும்போது ஒரு கதவு திறக்கும் அளவு இடம் விடுங்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸை இடதுபுறம் தாண்டவே கூடாது. இறங்குபவர் உங்கள் சக்கரத்தில்தான் கால் வைப்பார். மழைநீர் வடிகால் கம்பிச் சட்டங்களில் உங்கள் டயர் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும், அதைக் குறுக்காகக் கடங்கள். ஈரமான வெள்ளைக்கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். அவற்றின்மேல் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம்.

விடிகாலை நாய்கள் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து அதட்டுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

குழுவாக ஓட்டுவது பெரிய சந்தோஷம், அங்கே கற்பதும் அதிகம். ஆனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் உரசும்படி போகாதீர்கள். அவர் லேசாக விலகினாலும் விழப்போவது நீங்கள். பள்ளத்தைக் கண்டால் கையைக் காட்டுங்கள், பின்னால் வருபவருக்கு அது தெரியாது. முதல் இரண்டு மாதம் இரண்டு சைக்கிள் நீளம் விட்டே ஓட்டுங்கள்.

பஞ்சர்

இதை வீட்டில் ஃபேனுக்கு அடியில் மூன்று முறை செய்து பழகியபின் ரோட்டில் சந்தியுங்கள். பின்சக்கரம் என்றால் முதலில் பின்கியரைச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், கழற்றவும் மாட்டவும் சுலபம். ரிம் பிரேக் வண்டியில் பிரேக்கைத் தளர்த்தும் குட்டிக் கைப்பிடியைத் திறக்க வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தொடவே கூடாது.

மிச்சக் காற்றை முழுவதும் விடுங்கள். டயரைச் சுற்றிலும் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளினால் தளர்வு கிடைக்கும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் டயர் லீவரை நுழைத்து ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்து, ட்யூபை உருவுங்கள்.

இப்போது எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடும் வேலை. டயரின் உட்புறத்தை விரல்நுனியால் மெதுவாகச் சுற்றித் தடவ வேண்டும். எனக்கு ஒரு காலையில் ஈஞ்சம்பாக்கத்துக்குள்ளேயே இரண்டு ட்யூப் போனது. மூன்றாவது முறை உட்கார்ந்து தடவியபோது விரலில் சுருக்கென்று குத்தியது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. லாரி டயர் வெடித்தால் ரோட்டில் சிதறும் எஃகு இழை, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அரிசி நீளம்கூட இல்லை. நகத்தால் வரவில்லை, சாவி முனையால் நெம்பி எடுத்தேன். ஹைவே ஓரம் ஓட்டுகிற எல்லோருக்கும் இது வரும். ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் காரணம் கம்பி அல்ல. காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் இடித்திருக்கிறது.

புது ட்யூபுக்கு வடிவம் வரும் அளவு மட்டும் காற்று ஊதி உள்ளே வைத்து, டயரைக் கைவிரலாலேயே ஏற்றுங்கள். லீவரால் ஏற்றினால் ட்யூபைக் கிள்ளிவிடும். காற்றடிக்கும் முன் இருபுறமும் டயரை ஒதுக்கி, ட்யூப் எங்காவது எட்டிப்பார்க்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள். சக்கரத்தை மாட்டி, அதன் அச்சை இறுக்கும் குவிக் ரிலீஸ் கைப்பிடியை மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவு இறுக்கம் வேண்டும். அதை நட்டு மாதிரிச் சுற்றி விட்டுவிடக் கூடாது, மடக்கி மூட வேண்டும். தளர்த்திய பிரேக்கைத் திரும்ப மூட மறக்காதீர்கள்.

செயின் உள்பக்கம் கழன்றால் உடனே இறங்க வேண்டியதில்லை. மெதுவாக மிதித்தபடி முன்கியரைப் பெரிய வட்டத்துக்குத் தள்ளினால் பெரும்பாலும் தானே ஏறிவிடும்.

தூரம் கூட்டுவது

முதல் வாரம் மூன்று நாள், பத்துப் பத்து கிலோமீட்டர். அடுத்த வாரம் 12, 12, 15. இப்படி வாரக் கடைசி ஓட்டத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் எட்டாவது வாரம் 40 எட்டிவிடும். நாளை மறுநாள் ஓட்ட முடியாதபடி எந்த நாளும் ஓட்டாதீர்கள். ஓட்டும்போது வாய்விட்டு ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இதய நோயோ சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தாகம் எடுக்கக் காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு. நம் வெக்கையில் மணிக்கு அரை லிட்டராவது போகும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேருங்கள். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், சட்டைப் பையில் இரண்டு வாழைப்பழமோ நான்கு கடலை மிட்டாயோ. நீண்ட தூரத்தில் பசி தெரிந்தபின் சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர நேரமாகும்.

200, 300 கிலோமீட்டருக்குப் பிறகு புது வண்டியைக் கட்டாயம் கடைக்குக் கொண்டுபோங்கள். கியர், பிரேக் கேபிள்கள் அதற்குள் தளர்ந்திருக்கும், ஸ்போக்குகளையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பல கடைகளில் முதல் சர்வீஸ் இலவசம்.

நண்பர்கள் சிலர் பிரெவே என்ற நீண்ட ஓட்டங்களைப் பற்றிச் சொல்வார்கள். 200 கி.மீ.யை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கணும், 300ஐ 20 மணி நேரத்துக்குள். அது போட்டி கிடையாது, நேரத்துக்குள் முடித்தால் போதும். ஒரு வருஷம் ஒழுங்காக ஓட்டியவருக்கு 200 எட்டாத தூரமில்லை. இப்போதைக்கு நம் இலக்கு கோவளம்.

கோவளம்

ஒன்பதாவது வார ஞாயிறு. இரவே டயரில் காற்றடித்து, பாட்டில் நிரப்பி, விளக்கை சார்ஜில் போட்டு, ட்யூபையும் அடாப்டரையும் பையில் வைத்துவிட்டுப் படுங்கள். நாலேமுக்காலுக்குத் திருவான்மியூரில் கிளம்பினால் நீலாங்கரை தாண்டும்வரை ரோடு கிட்டத்தட்ட உங்களுடையது. அக்கரை, உத்தண்டி, கானாத்தூர் தாண்டி, சுமார் 20 கிலோமீட்டரில் முட்டுக்காடு பாலம். பாலத்தில் ஏறும் முன் கியரை லேசாக்குங்கள். இணைப்பு இடைவெளிகளில் சீட்டிலிருந்து அரை அங்குலம் எழும்பி முழங்கையைத் தளர்த்திக் கடங்கள். வலது பக்கம் உப்பங்கழி, இடது பக்கம் கடல், கிழக்கு அப்போதுதான் சிவக்கும்.

காற்றைக் கவனியுங்கள். கோடையில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும், போகும்போது எதிர்த்துவிட்டுத் திரும்பும்போது தள்ளிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது தலைகீழ். போகும்போது காற்று தள்ளுவதால் உங்களுக்குத் திடீரென்று பலம் வந்துவிட்டதாகத் தோன்றும், மாமல்லபுரம் வரை போய்விடலாம் போலிருக்கும். அந்த மாதங்களில் முட்டுக்காட்டிலேயே திரும்புங்கள். மீதி பலமெல்லாம் எதிர்காற்றில் வீட்டுக்கு வரத் தேவைப்படும். எதிர்காற்றில் வேகத்தை மறந்துவிட்டு, கியரை லேசாக்கி, அதே 80 சுற்றில் மிதியுங்கள்.

கோவளத்தில் டீயும் இரண்டு வாழைப்பழமும் போதும். கால் மணிக்கு மேல் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும். எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். வந்ததும் வண்டியை அப்படியே சாய்த்து வைத்துவிடாதீர்கள். கடற்காற்றின் உப்பு செயினில் படிந்திருக்கும், இரண்டே நாளில் துரு எட்டிப்பார்க்கும். பழைய பனியன் துணியில் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாக 20 சுற்று சுற்றுங்கள், துணி கறுத்துவிடும். ஈரத்துணியால் ஃபிரேமையும் துடையுங்கள். செயின் காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, மேலே வழிவதைத் துடைத்து எடுத்துவிட்டு, அப்புறம் குளிக்கப் போங்கள்.